கடற்கரை வீட்டுக்குச் சிவப்புப் பூமரங்கள்

கேள்வி: திருகோணமலை நகருக்குள், கடலுக்குக் கிட்டப் புது வீட்டுக்குக் குடிவந்திருக்கிறோம். முற்றம் வெறும் மணல். வாசலில் சிவப்பாகவே பூக்க வேண்டும், பத்திரகாளி அம்மனுக்கும் தினமும் கொஞ்சம் கொண்டுபோக வேண்டும் என்று ஆசை. நட்ட நாலு வெட்சியும் மஞ்சளாகிவிட்டன. செவ்வரத்தையை மான் தின்றுவிட்டது. வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது. எதை நடலாம், அக்கா?

பதில்: தங்கச்சி, இந்த ஊருக்கு வந்த முதல் வருடம் எனக்கும் இதுவேதான் நடந்தது. பின்னேரம் பதினொரு மொட்டு எண்ணிவிட்டுப் படுத்தேன். விடிய எழும்பிப் பார்த்தால் வெறும் தடிதான் நின்றது. கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்களுக்குச் செவ்வரத்தை இலை என்றால் உயிர். அதற்காக அதைக் கைவிடாதீர்கள், அம்மனுக்கு அதைவிட நல்ல பூ எது? படலைக்கு வெளியே வேண்டாம். மதிலுக்கு உள்ளே, கிணற்றுப் பக்கமாக, ஐந்தடிக்கு ஒன்றாக நாலு கன்று நடுங்கள். ஒரு பூ ஒரு நாள்தான் நிற்கும். ஆகவே ஒரு மரத்தை நம்பித் தினமும் கோயிலுக்குப் போக முடியாது. பெரிய பூவுள்ள புது இனங்களை விட, நம் வீடுகளில் பழையகாலம் தொட்டு நிற்கிற ஒற்றையடுக்குச் சிவப்புத்தான் இங்கே தாங்கும். அக்கம்பக்கத்தில் கேட்டு, பென்சில் பருமனில் ஒரு கொப்பு வெட்டி வந்தாலே போதும்.

வெட்சி மஞ்சளானது உங்கள் பிழையல்ல. நம் கடற்கரை மணலில் சிப்பித்தூள் கலந்திருக்கும், அதாவது சுண்ணாம்பு. வெட்சிக்கோ கொஞ்சம் புளிப்பான மண் வேண்டும். சுண்ணாம்பு மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. இலையைப் பிடித்துப் பாருங்கள், நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருக்கும். வெறும் உரம் போட்டு இதைத் திருத்த முடியாது. புதிதாகப் பூசிய மதிலடியில் நட்டிருந்தால் இன்னும் மோசம், சீமெந்திலிருந்தும் சுண்ணாம்பு இறங்கும். நாலையும் கிளப்பி, செம்மண்ணும் மக்கிய இலையும் எருவும் கலந்து பெரிய பூச்சாடிகளில் வையுங்கள். வரும் புதுத்தளிர் பச்சையாக இருந்தால் தப்பிவிட்டது என்று அர்த்தம்.

வாசலின் வெளிப்பக்கத்துக்குச் சிவப்புப் போகன்விலா. இங்கே கன்று தெரிவுசெய்யும்போது கச்சான் காற்றை மறக்கக் கூடாது. மே தொடங்கிச் செப்டம்பர் வரை, மழையை மலைநாட்டுக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, காய்ந்த காற்றாக மேற்கிலிருந்து வந்து இலையைக் கருக்கிவிடும். மாரியில் அதற்கு எதிர்ப்பக்கமாகக் கடலிலிருந்து உப்புக்காற்று. இரண்டையும் போகன்விலா தாங்கும். முள் இருப்பதால் மானும் இளந்தளிரைக் கடிப்பதோடு விட்டுவிடும்.

செவ்வலரி நடச் சொல்லிப் பலரும் சொல்வார்கள். உப்பு, காற்று, மான் எல்லாவற்றுக்கும் அது நிற்கும், பூசைக்கும் ஆகும். ஆனால் இலை, பூ, தண்டு, வேர் அத்தனையும் நஞ்சு. என் பேரன் தவழத் தொடங்கிய வாரமே முற்றத்தில் நின்றதை வேரோடு கிளப்பிப் புதைத்துவிட்டேன். எரிக்கவில்லை, அதன் புகையும் ஆகாது. நல்ல மரம், மனம் கனத்தது. ஆனாலும் உங்கள் வீட்டில் இப்போது வேண்டவே வேண்டாம். கார்த்திகைப்பூவுக்கும் அதே பதில்தான், அதன் கிழங்கு பொல்லாதது.

குசினித் தண்ணீர் ஓடுகிற இடம் இருந்தால் சிவப்புக் கல்வாழை வையுங்கள். ஒக்டோபரில் முதல் மழை விழுந்ததும் எல்லாவற்றையும் நடுங்கள். கச்சான் வருவதற்குள் வேர் இறங்கிவிடும்.

கேள்வி: எங்கள் போகன்விலா ஆளுயரம் வளர்ந்தும் இலைதான், பூவில்லை. தினமும் தண்ணீர் விடுகிறேன். (நிலாவெளி வாசகர்)

பதில்: அந்தத் தண்ணீரை நிறுத்துங்கள், தம்பி. வேர் பிடித்த போகன்விலா கொஞ்சம் காய்ந்தால்தான் பூக்கும். நாம் சிவப்பாகப் பார்ப்பது பூவிதழ் அல்ல, நிறம் மாறிய இலை. உண்மையான பூ அதன் நடுவில் சின்ன வெள்ளைக் குழல். நாள் முழுக்க வெயில் படுகிறதா என்று பாருங்கள். மாரி முடிந்ததும் நீண்ட கொப்புகளை வெட்டிவிடுங்கள். இலை வாடித் தொங்கினால் மட்டும் ஒரு வாளி ஊற்றுங்கள்.