சித்தியும் சின்ன வீடும்

கேள்வி: கென்னடி, கிளின்டன் என்று எடுத்துக்கொண்டால் அமெரிக்க அதிபர்களின் சின்ன வீடு சமாச்சாரம் நம்மூர்ப் பெரிய மனிதர்களையே தூக்கிச் சாப்பிட்டுவிடும் போலிருக்கிறதே! வெள்ளை மாளிகை அந்தரங்கத்தைக் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். இந்த விஷயத்தில் யாருக்கு முதல் பரிசு கொடுப்பீர்கள்?
(பெயர் வெளியிட வேண்டாம் என்ற வாசகர், மன்னார்குடி)

பதில்: பரிசு கிடக்கட்டும். 'சின்ன வீடு' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லோடு எனக்குப் பல வருஷத் தகராறு. உயிரும் பெயருமாக இருக்கிற ஒரு பெண்ணைச் செங்கல்லும் சுண்ணாம்புமாக ஆக்கிவிடுகிற சொல் அது. ஆணுக்குப் பதவி உண்டு, பட்டம் உண்டு, இனிஷியலோடு பெயர் உண்டு. அவளுக்கு வெறும் 'வீடு'. எங்கள் இதழில் வேலைக்குச் சேரும் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்வேன்: படக்குறிப்பில் 'அமைச்சரும் துணைவியாரும்' என்று எழுதாதே, அந்த அம்மாவுக்கு என்ன பெயர் என்று கேட்டு எழுது. ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். அந்த ஒரு போனைப் போடாததால் எத்தனை பெண்கள் பெயரில்லாமலே செய்தித்தாளில் நிற்கிறார்கள்!

நீங்கள் கென்னடியில் தொடங்கினீர்கள். நான் தாமஸ் ஜெஃபர்சனில் தொடங்குகிறேன். அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை எழுதியவர், மூன்றாவது அதிபர். அவர் மனைவி மார்த்தா 1782இல் இறந்துபோனார். பாரிஸில் தூதராக இருந்த ஜெஃபர்சன், 1787இல் எட்டு வயது மகள் பாலியைத் தன்னிடம் வரவழைத்தார். கப்பலில் குழந்தைக்குத் துணையாக வந்தவள் சாலி ஹெமிங்ஸ் என்ற 14 வயது அடிமைப் பெண். வழியில் லண்டனில் இருவரையும் தன் வீட்டில் வைத்துக்கொண்டவர் அபிகேல் ஆடம்ஸ்; பத்து வருஷத்தில் அவரே அதிபரின் மனைவியாகப் போகிறவர். கூட வந்திருக்கிற பெண்ணுக்குத்தான் குழந்தையைவிட அதிகக் கவனிப்பு தேவைப்படுகிறது என்று அவர் ஜெஃபர்சனுக்கு எழுதினார். பிள்ளை பெற்று வளர்த்த அந்த அம்மாளின் கண்ணுக்கு சாலி ஒரு சிறுமியாகத்தான் தெரிந்தாள்.

சாலியின் தந்தை ஜான் வேல்ஸ். மார்த்தாவுக்கும் அவரேதான் தந்தை. ஒரே அப்பாவுக்குப் பிறந்த பெண்கள். ஒருத்தி எஜமானி, ஒருத்தி அடிமை. இந்த இடத்தில் தமிழை நினைத்துக்கொள்கிறேன். அமெரிக்கர்கள் இந்த உறவை ஒரு வாக்கியமாக நீட்டிச் சொல்ல வேண்டும். நமக்கு ஒரே சொல்: சித்தி. சில ஊர்களில் சின்னம்மா. அம்மாவை இழந்த குழந்தையைக் கடல் தாண்டிக் கூட்டி வந்தது அதன் சின்னம்மா. அவள்தான் அந்தக் குழந்தைக்கு வேலைக்காரி. ஜெஃபர்சனுக்கு அவள் கொழுந்தியாள் முறை. 'சின்ன' என்ற அதே அடைமொழியை அம்மாவுக்கு முன்னால் போட்டால் எவ்வளவு ஈரம், வீட்டுக்கு முன்னால் போட்டால் எவ்வளவு இளப்பம், பாருங்கள்.

பிரெஞ்சு மண்ணில் அவள் விடுதலை கேட்டு அங்கேயே தங்கியிருக்கலாம். மகன் மாடிசன் ஹெமிங்ஸ் 1873இல் ஓஹியோ செய்தித்தாள் ஒன்றில் இதை விரிவாகச் சொல்லியிருக்கிறார். வயிற்றில் ஜெஃபர்சனின் பிள்ளையோடு இருந்த அம்மா ஊர் திரும்ப மறுத்தார். பிறக்கப்போகும் பிள்ளைகளை 21 வயதில் விடுதலை செய்வதாக வாக்கு வாங்கிக்கொண்டுதான் கப்பல் ஏறினார். அப்போது சாலிக்கு 16 வயது, எஜமானருக்கு 46. வளர்ந்து ஆளான நாலு பிள்ளைகளும் அடிமைத்தளையிலிருந்து வெளியே போனார்கள். மகள் ஹாரியட் 1822இல் புறப்பட்டபோது கையில் 50 டாலரும் வண்டிச் செலவுக்குப் பணமும் கொடுத்து அனுப்பினார்கள். சாலிக்கு மட்டும் விடுதலைப் பத்திரம் எழுதப்படவில்லை. ஜெஃபர்சன் இறந்த பிறகு அவருடைய மகள் போக விட்டதால் போனார். 1835இல் இறந்தார். எங்கே புதைத்தார்கள் என்பது தெரியாது. ஒரு படம் இல்லை. ஜெஃபர்சனின் பண்ணைக் கணக்கேட்டில் துணி, கம்பளி கொடுத்த பட்டியலில் பெயர் இருக்கிறது. சாலி கைப்பட எழுதிய ஒரு வரி கிடையாது. கோவலனுக்குத் தாழை மடலில் மாதவி எழுதியதை இன்று பள்ளிப் பிள்ளையும் படிக்கலாம். கோவலன் வாங்க மறுத்தும் அந்த மடலை நமக்காகக் காப்பாற்றி வைக்க ஒரு கவிஞர் இருந்தார்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனசில்லை. ஜெஃபர்சனின் பண்ணை மாளிகையான மான்டிசெல்லோவில், அவருடைய படுக்கையறையிலிருந்து சில எட்டு தூரத்தில், சாலி தங்கியிருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதும் ஓர் அறை இருக்கிறது. 1941இல் அதைச் சுற்றுலாப் பயணிகளுக்கான கழிப்பறையாக மாற்றினார்கள். வருகிறவர்கள் மாளிகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு அங்கே ஒதுங்கிவிட்டுப் போனார்கள். 1998இல் மரபணுச் சோதனை வந்தது, சாலியின் பிள்ளைகளுக்கு ஜெஃபர்சனே தந்தையாக இருக்க வாய்ப்பு மிக அதிகம் என்று 2000இல் அந்த இடத்தை நிர்வகிக்கும் அறக்கட்டளை ஏற்றுக்கொண்டது, 2018இல்தான் சாலிக்கென்று அங்கே ஒரு காட்சியறை திறந்தார்கள்.

குரோவர் கிளீவ்லாந்து கதையும் இதே ரகம். அவர் நின்ற 1884 அதிபர் தேர்தலில் "அம்மா, அம்மா, அப்பா எங்கே?" என்று எதிர்க்கட்சிக்காரர்கள் தெருத்தெருவாகப் பாடினார்கள். மரியா ஹால்பின் என்ற கணவனை இழந்த பெண்ணுக்குப் பிறந்த பிள்ளை விவகாரம். பணம் கொடுத்து வந்ததைக் கிளீவ்லாந்து ஒப்புக்கொண்டார், 'நேர்மையானவர்' என்று பெயர் வாங்கினார், ஜெயித்தார். மரியாவிடமிருந்து பிள்ளையைப் பிரித்து அநாதை விடுதியில் விட்டார்கள், அவரை மனநல விடுதிக்கு அனுப்பினார்கள். கிளீவ்லாந்து தன்னைப் பலவந்தப்படுத்தியதாக அவர் சத்தியப் பிரமாணம் செய்து கொடுத்த வாக்குமூலம் இருக்கிறது. அதைப் பாட்டாக்கி யாரும் பாடவில்லை. உங்கள் கிளின்டன் விவகாரத்திலும் பாருங்கள், அதிபர் பதவிக்காலத்தை முடித்துவிட்டுத்தான் இறங்கினார். 22 வயதில் பயிற்சி ஊழியராக இருந்த மோனிகா லெவின்ஸ்கி, பெயரே கேலிச்சொல்லாகிப்போன நிலையில் பல வருஷம் வாழ வேண்டியிருந்தது.

அதிபர்களின் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. பார்க்க வேண்டியதை விட்டுவிட்டு வேறெதையோ பார்க்கிறோம் என்பதுதான் என் வருத்தம். 1919 அக்டோபர் 2இல் அதிபர் உட்ரோ வில்சனுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. அறைக்குள் எந்தக் காகிதம் போகலாம், யார் போகலாம் என்று முடிவு செய்தவர் மனைவி எடித். அடுத்து நாட்டை ஆளவேண்டிய துணை அதிபர் தாமஸ் மார்ஷலுக்கே கதவு திறக்கவில்லை. அதே கிளீவ்லாந்து 1893இல், இரண்டாம் முறை அதிபராக இருந்தபோது, ஒரு உல்லாசப் படகில் ரகசியமாக வாய்ப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். மோப்பம் பிடித்து எழுதிய நிருபரைப் பொய்யர் என்றார்கள். சிகிச்சையில் இருந்த மருத்துவர் ஒருவரே 1917இல் எழுதியபோதுதான் நிருபர் சொன்னது சரி என்று ஊருக்குத் தெரிந்தது. 24 வருஷம்! இது அந்தரங்கம் இல்லை, நாட்டுச் சமாச்சாரம். கதவைத் தட்டியே ஆகவேண்டிய இடம்.

அதிபராக இருந்த ஹாரி ட்ரூமனின் மனைவி பெஸ், தான் கணவருக்கு எழுதிய கடிதங்களைக் கணப்பு அடுப்பில் போட்டு எரித்தாராம். "வரலாற்றை நினைத்துப் பார்" என்று ஹாரி ட்ரூமன் தடுக்க, "நினைத்துத்தான் பார்த்தேன்" என்று பதில் வந்ததாக அந்தக் குடும்பத்தில் சொல்வார்கள். அவருடைய கடிதங்கள், அவர் இஷ்டம். அவருக்கு என் கும்பிடு.

கடைசியாக ஒரு கதை சொல்லி முடிக்கிறேன். 1918 செப்டம்பரில் ஐரோப்பாவிலிருந்து காய்ச்சலோடு வந்து இறங்கினார் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். அப்போது அவர் கடற்படைத் துறையில் துணைச் செயலர். மனைவி எலினார் பெட்டியைப் பிரித்துத் துணிமணிகளை எடுத்து வைக்கும்போது ஒரு கட்டுக் கடிதம் கையில் அகப்பட்டது. எழுதியவர் லூசி மெர்சர், எலினாரிடமே செயலாளராக வேலை பார்த்த பெண். அப்போது எலினாருக்கு ஐந்து பிள்ளைகள். விவாகரத்துக்கும் தயாராக இருந்தார். மாமியார் குறுக்கே நின்றார். இனி லூசியைப் பார்ப்பதில்லை என்ற பேச்சோடு குடும்பம் தொடர்ந்தது.

27 வருஷம் கழித்து, 1945 ஏப்ரல் 12இல், ஜார்ஜியா மாநிலத்தின் வாம் ஸ்பிரிங்ஸ் குடிலில் எலிசபெத் ஷூமாடாஃப் என்ற ஓவியர் ரூஸ்வெல்ட்டை வரைந்துகொண்டிருந்தார். தலை வலிக்கிறது என்று சொல்லிச் சாய்ந்தார் அதிபர். அப்போது அந்த அறையில் லூசியும் இருந்தார். கணவர் இறந்த இரவிலேயே எலினாருக்கு அது தெரிந்துபோயிற்று. சந்திப்புகளுக்கு ஏற்பாடு செய்து கொடுத்தது பெற்ற மகள் அன்னா என்பதும் சேர்ந்து தெரிந்தது. எந்த வீட்டில் நடந்தாலும் அம்மாவும் மகளும் முகம் பார்க்க முடியாத விஷயம்.

எலினாரின் பெயர் உலகத்துக்கே தெரியும். மூன்று வருஷத்தில் ஐக்கிய நாடுகள் சபையில் மனித உரிமைப் பிரகடனம் நிறைவேறியபோது அதை உருவாக்கிய குழுவின் தலைவர் அவர்தான். நீங்கள் கேட்ட பரிசை அவர் கையில் கொடுக்கிறேன், ஆனால் அதற்காக இல்லை. கணவரின் சாமான்களை ஒழித்துக்கொண்டிருந்தபோது, ஷூமாடாஃப் முன்பு வரைந்த சின்ன ஓவியம் ஒன்று, ரூஸ்வெல்ட்டின் முகம், அவர் கண்ணில் பட்டது. அதை லூசியிடம் சேர்த்துவிடச் சொல்லி அனுப்பிவிட்டு, மிச்சமிருந்த சாமான்களைப் பார்க்கப் போனார்.