மருத்துவர் பதில்: முதல் நாளிலேயே பல்லைத் தேய்க்க விடாதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 27. தருமபுரி மாவட்டம், பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்து வளர்ந்தேன். மேல்வரிசை முன்பற்களில் சின்ன வயதிலிருந்தே பழுப்புத் திட்டுகள் இருக்கின்றன. சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போய்விடுகிறது. இன்னும் நான்கு மாதத்தில் கல்யாணம். ஒரு பல் கிளினிக்கில் போனில் விசாரித்தபோது, "எட்டுப் பல்லுக்கு வினீர் போட்டுடலாம், ரெண்டே சிட்டிங்" என்றார்கள். அடுத்த வாரம் முதல் தடவையாகப் போகிறேன். என்னென்ன தயார் செய்துகொண்டு போக வேண்டும்? இருக்கிற பல் கெட்டுப்போகுமா?

பதில்: உங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து வருகிற பலர் என் எதிரில் உட்கார்ந்தும் வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் பேசுவார்கள். அவர்களிடம் முதலில் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன். ஒழுங்காகப் பல் துலக்காததால் வந்த கறை இல்லை இது. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் ஊரையும் கறை தொடங்கிய வயதையும் வைத்துப் பார்த்தால் ஃபுளோரோசிஸ் என்றே தோன்றுகிறது. குடிக்கிற தண்ணீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது கணக்கு. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பல ஊர்ப் போர் தண்ணீரில் அது தாண்டியே இருந்தது. ஈறுக்குள் பல் உருவாகும் வயதில், அதாவது எட்டு வயதுக்குள், அந்தத் தண்ணீரைக் குடித்தால் பல்லின் வெளிப்பூச்சான எனாமல் சரியாக இறுகாது. முளைத்த பிறகு அந்த இடங்கள் பழுப்பேறும். அதற்கு மாற்றாகக் காவிரித் தண்ணீர் தரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல்தான் வந்தது. அதற்குள் உங்கள் முன்பற்கள் முளைத்து முடிந்துவிட்டன. இதில் உங்கள் தப்பும் இல்லை, உங்கள் அம்மாவின் தப்பும் இல்லை.

சரி, வினீருக்கு வருவோம். பல்லின் முன்பக்கத்தில் ஒட்டுகிற மெல்லிய பீங்கான் ஓடு அது. கிட்டத்தட்ட விரல் நகத்தின் தடிமன், அரை மில்லிமீட்டர் சுமார் இருக்கும். அதை ஒட்ட இடம் வேண்டும் என்பதால் பெரும்பாலும் அதே அளவு எனாமலைத் தேய்த்து எடுப்போம். நகம் வெட்டினால் வளரும், எனாமல் வளராது. நல்ல கையில் செய்த பீங்கான் வினீர் பத்துப் பதினைந்து வருஷம் நிற்கும். கம்போசிட் என்கிற பல் நிறப் பிசினில் செய்தால் ஐந்தாறு வருஷம். அப்புறம் மாற்றித்தான் ஆக வேண்டும். 27 வயதில் தொடங்கினால் ஆயுளில் இரண்டு மூன்று தடவை இந்தச் செலவும் வேலையும் திரும்ப வரும். அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போங்கள்.

போனிலேயே "எட்டு" என்று எண்ணிக்கை சொன்னதுதான் எனக்கு உறுத்துகிறது. பல்லைப் பார்க்காமல் அந்தக் கணக்கு எப்படி வந்தது? பழுப்புக் கறை மேலோட்டமாக இருந்தால் மைக்ரோஅப்ரேஷன் என்று ஒரு முறை இருக்கிறது. அமிலம் கலந்த பசையைக் கறை மேல் வைத்து மெதுவாகத் தேய்ப்போம். போவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான். அதன் பிறகு இரண்டு மூன்று வாரம் இரவில், பல் மேல் மாட்டுகிற ட்ரேயில் மருந்து வைத்து ப்ளீச்சிங், அதாவது பல்லை வெளுக்கச் செய்வது. பத்து வினீர் கேட்டு வந்த ஒரு பெண்ணுக்கு இந்த இரண்டையும் செய்தோம். கடைசியில் குழி விழுந்திருந்த இரண்டு பல்லில் மட்டும் கம்போசிட் வைத்து முடித்தோம். எல்லோருக்கும் இப்படி அமையாது. கறை ஆழமாக இருந்தால், எனாமல் பெயர்ந்திருந்தால் வினீர்தான் சரி. எதுவாக இருந்தாலும் உங்கள் மருத்துவர் இந்த வரிசையில் யோசிக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். ப்ளீச்சிங் செய்வதென்றால் வினீருக்கு முன்பே செய்ய வேண்டும், ஏனென்றால் பீங்கான் பிறகு வெளுக்காது. ப்ளீச்சிங் முடிந்து இரண்டு வாரமாவது விட்டால்தான் பசை நன்றாகப் பிடிக்கும். கர்ப்பமாக இருக்கும்போது ப்ளீச்சிங் செய்வதில்லை, அதையும் கணக்கில் வையுங்கள்.

இனி, போகும்போது என்ன கொண்டுபோவது என்று பார்ப்போம். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம் நின்று, நாலைந்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வாய் மூடியபடி ஒன்று, லேசாகச் சிரித்து ஒன்று, வாய்விட்டுச் சிரித்து ஒன்று. நடிகையின் படத்தைக் காட்டுவதிலும் தப்பில்லை. ஆனால் அதில் எது வேண்டும், நிறமா, பல்லின் நீளமா, வரிசையா என்று சொல்லத் தெரிய வேண்டும். "நல்லா இருக்கணும் டாக்டர்" என்றால் எங்களுக்கு ஒன்றும் பிடிபடாது. லிப்ஸ்டிக் போட வேண்டாம், நிறம் பார்க்கும்போது குழப்பும். நிறத்தை உட்கார்ந்தவுடனே பார்த்துவிடச் சொல்லுங்கள். பத்து நிமிஷம் வாயைத் திறந்தே வைத்திருந்தால் பல் காய்ந்து, உள்ளதைவிட வெளுப்பாகத் தெரியும்.

உங்களோடு ஒரே அறையில் படுக்கிறவர்களிடம், இரவில் பல்லை நறநறவென்று கடிக்கிறீர்களா என்று கேட்டுக்கொண்டு போங்கள். காலையில் தாடை இறுகி வலித்தாலும் சொல்லுங்கள். பல் கடிக்கிற வாயில் வினீர் சீக்கிரம் உடையும். இரவில் போட்டுக்கொள்ள நைட் கார்டு என்கிற பல் உறை கொடுக்க வேண்டியிருக்கும். சர்க்கரை, சாப்பிடுகிற மாத்திரைகள், மருந்து அலர்ஜி, ஊசி போட்டால் மயக்கம் வருமா என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய எக்ஸ்ரே இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். துலக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறதென்றால் பயந்து துலக்குவதை நிறுத்தாதீர்கள். முதலில் கிளீனிங் செய்து ஈறு ஆறட்டும். சொத்தை இருந்தால் அதையும் முடித்த பிறகுதான் அழகு வேலை.

அடுத்தது, கேட்க வேண்டியவை. "இது வினீரா, கேப்பா?" என்று நேராகக் கேளுங்கள். பல்லைச் சுற்றிலும் ராவிக் குச்சி மாதிரி ஆக்கிப் போடுவது கேப். வினீர் என்று பேசிவிட்டு அதைச் செய்கிற இடங்களும் உண்டு. கறைக்காக நல்ல பல்லில் கேப் போட நான் சம்மதிக்க மாட்டேன். எந்தெந்தப் பல், எவ்வளவு தேய்ப்பீர்கள், உடைந்தால் மறுபடி செய்வதற்கு யார் செலவு என்பதை எழுதி வாங்குங்கள். பலகையில் காஸ்மெட்டிக் டென்டிஸ்ட் என்று இருக்கும். நம் நாட்டில் பல் மருத்துவ மேற்படிப்பான எம்.டி.எஸ்.ஸில் அப்படி ஒரு தனிப் பிரிவு கிடையாது. ப்ராஸ்தோடான்டிக்ஸ் (செயற்கைப் பல், கேப் பொருத்துவது) அல்லது கன்சர்வேடிவ் (இருக்கிற பல்லைச் சரிசெய்து காப்பது) பிரிவில் எம்.டி.எஸ். முடித்தவரா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம், மாக்-அப் கேளுங்கள். அளவு எடுத்து, மாதிரி செய்து, பல் நிறப் பசையை அச்சில் ஊற்றி உங்கள் பல் மேலேயே பொருத்துவார்கள். துளிகூடத் தேய்க்க வேண்டியதில்லை. சில நிமிஷத்தில் இறுகிவிடும். உடனே கண்ணாடியைப் பார்த்துத் தலையாட்டிவிடாமல் பேசிப் பாருங்கள். மேல்பல் கீழுதட்டில் பட்டால்தான் வகரம் வரும். "ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல்மேல் வழுக்கி விழுந்தான்" என்று இரண்டு தடவை சொல்லுங்கள். உதடு தட்டினால், காற்று பிசிறினால், பல் நீளமாகிவிட்டது என்று அர்த்தம். அதோடு எழுந்துபோய் வெயிலில் நின்று அம்மாவிடமும் காட்டுங்கள். இந்த நிலையில் மாற்றுவது சுலபம், ஒட்டிய பிறகு கஷ்டம்.

வலி பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். தேய்க்கும்போது தேவைப்பட்டால் மரத்துப்போக ஊசி போடுவார்கள். பிறகு சில நாள் கூச்சம் இருக்கலாம். நான்கு மாதம் தாராளமான நேரம். கிளீனிங், ப்ளீச்சிங், இடைவெளி, தேவையென்றால் வினீர் என்று எல்லாம் சேர்ந்தாலும் இரண்டரை மாதத்தில் முடிந்துவிடும். அதனால் கல்யாணத் தேதியைச் சொல்லி யாரும் உங்களை அவசரப்படுத்த விடாதீர்கள்.

முதல் நாள் பார்ப்பதும் பேசுவதும் மட்டும்தான். அன்றைக்கே மெஷினைக் கையில் எடுத்தால், "ஒரு வாரம் யோசிச்சுட்டு வர்றேன் டாக்டர்" என்று சொல்லி எழுந்துவிடுங்கள். எடுத்த எக்ஸ்ரே, போட்டோக்களின் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சந்தேகம் இருந்தால் அந்தப் பிரதிகளோடு அங்கே போய் இன்னொருவர் கருத்தையும் கேட்டுக்கொள்ளலாம்.