அம்மாவுக்குக் கண் பிரஷருக்கு லேசர் வைக்கச் சொல்கிறார்கள். வைத்துவிட்டால் சொட்டு மருந்தை நிறுத்திவிடலாமா?

நிறுத்திவிடலாமா என்று கேட்டீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் எழுதுகிறேன். நான் நிறுத்திப் பட்டவன்.

மேலூரில் தையல் கடை, வயது 56. கண்ணாடி போட்டால் ஊசியில் நூல் முதல் தடவையே நுழைந்துவிடும். அதனால் மதுரையில் கண் பிரஷர், அதாவது கண்ணுக்குள் இருக்கிற நீரின் அழுத்தம், 28 என்று சொன்னபோது நம்பவில்லை. 21-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டுமாம். ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். ஒன்று விடாமல் அமுக்கியதாகத்தான் நினைப்பு. தாளில் இடது கண்ணுக்கு மூக்கோரம் கறுப்பாக வந்தது. பிரஷர் ஏறினால் பார்வையின் ஓரம்தான் முதலில் போகுமாம். நேர்ப்பார்வை கடைசிவரை ஏமாற்றும்.

லேசருக்குப் பயப்பட ஒன்றுமில்லை. மரத்துப்போகச் சொட்டு விட்டு, கண்மேல் ஒரு லென்ஸை வைத்துப் பிடித்தார்கள். டிக் டிக் என்றது, லேசாகச் சுருக்கென்றது, பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு மணி நேரம் உட்கார வைத்து, பிரஷரைத் திரும்பப் பார்த்து அனுப்பினார்கள். அன்று கடை பூட்டிக் கிடந்ததற்கு ஒரு வாடிக்கையாளரம்மா பேசிய பேச்சு இருக்கிறதே! தீபாவளிக்குத் தைத்த ஆறு ஜாக்கெட்டுக்குக் கூலி பொங்கல் தாண்டியும் வரவில்லை, அதைக் கேட்டால் மட்டும் அவருக்குக் காது கேட்காது. சரி, அதை விடுங்கள்.

பிரஷருக்கு விட்டுக்கொண்டிருந்த சொட்டை மறுநாளே நிறுத்தினேன். "லேசரே வச்சாச்சு, இன்னும் எதுக்குடா மருந்து?" என்று அண்ணன் வேறு. கண்ணுக்குள் நீர் வடிகிற வலையைத்தான் அந்த லேசர் சரிசெய்கிறது. பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை சொட்டு விடணும் என்று சீட்டிலேயே இருந்தது, நான்தான் படிக்கவில்லை. மூன்றாவது வாரம் போனால் 29. டாக்டரம்மா திட்டவில்லை. "ஐயா, போன பார்வையை என்னால திருப்பித் தர முடியாது" என்றார், அவ்வளவுதான்.

ஒழுங்காக விட்டதில் ஆறாவது வாரம் 18. இரண்டு சொட்டில் ஒன்றை அவரே நிறுத்தினார். சிலருக்குச் சொட்டே வேண்டாமல் போவதும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. சில வருஷம் கழித்துப் பலன் குறைந்தால் மறுபடி வைக்கலாம்.

அம்மாவுக்கு எந்த லேசர் என்றும் கேளுங்கள். கண்ணுக்குள் நீர் வடிகிற கோணம் குறுகலாக இருந்தால் ஐரிஸில், அதாவது கண்பாவையைச் சுற்றியிருக்கிற நிற வளையத்தில், ஊசிமுனை அளவு ஓட்டை போடுவார்கள், அது வேறு. 'தையல்காரன் வைத்தியம் சொல்ல வந்துட்டான்' என்பவர்கள் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளட்டும், நானும் அதைத்தான் சொல்கிறேன்.

ரத்த சொந்தங்களும் பிரஷர் பார்க்கணுமாம், நீங்களும் பாருங்கள். அண்ணனைக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறார். அவரும் தையல்காரர்தான், ஊசியில் நூல் கோத்துக் காட்டுகிறார்.