முதிய நாயின் பிரிவு – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் எழுத்தை நீண்ட காலமாக வாசித்து வருகிறேன். எழுதுவது இதுவே முதல்முறை. எங்கள் நாய் மணி மூன்று வாரங்களுக்கு முன்பு இறந்துபோனான். அவனுக்கு வயது 14. சிறுநீரகம் செயலிழந்து வருகிறது என்பது சென்ற ஆண்டு தெரிந்தது. அதன்பின் மருந்து, பத்திய உணவு, தோலுக்கடியில் திரவம் ஏற்றுவது, இரவில் இரண்டு மூன்று முறை தூக்கிக்கொண்டு வெளியே போவது என்று என் நாட்கள் எல்லாம் அவனைச் சுற்றியே இருந்தன. கடைசியில் உணவை முற்றிலும் மறுத்துவிட்டான். எழுந்து நிற்கவும் முடியவில்லை. இனி வலியில்லாமல் அனுப்பிவைப்பதே நல்லது என்றார் மருத்துவர். சம்மதக் கையெழுத்தைப் போட்டவள் நான்.

அன்று காலை அவன் என்னைப் பார்த்து வாலாட்டினான். ஊசி போட்ட பிறகும் அவன் கண்கள் மூடவில்லை. சற்று நேரம் கழித்து ஒருமுறை மூச்சை இழுத்தான். அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, நம்பியவளே இப்படிச் செய்துவிட்டாள் என்று நினைத்திருப்பான் என்று எண்ணி எண்ணி உறக்கம் போய்விட்டது. நோயை முன்பே கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று ஒரு மனம் சொல்கிறது; இன்னும் சில நாள் பொறுத்திருக்கலாம் என்று இன்னொரு மனம் சொல்கிறது.

அலுவலகத்தில் "ஒரு நாய்க்காகவா இவ்வளவு?" என்கிறார்கள். என் அப்பா இறந்தபோது நான் இந்த அளவுக்கு அழவில்லை என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. எட்டு வயது மகளிடம் "மணி தூங்கிவிட்டான்" என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். கணவர் வேறொரு குட்டியைக் கொண்டுவரலாம் என்கிறார். நான் செய்தது துரோகமா?

ர.

அன்புள்ள ர.,

முதலில் அந்தக் கண்களைப் பற்றியும் அந்த ஒற்றை மூச்சைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் உள்ள மற்ற வேதனைகள் பலவும் அந்தக் காட்சியிலிருந்தே கிளைத்திருக்கின்றன என்று தோன்றுகிறது. இத்தகைய தருணத்தில் கால்நடை மருத்துவர்கள் பொதுவாக முதலில் அமைதிப்படுத்தும் மருந்து ஒன்றைக் கொடுத்துவிட்டு, பிறகு பென்டோபார்பிட்டால் போன்ற மயக்க மருந்தை மிகக் கூடுதலான அளவில் இரத்தக்குழாய் வழியாகச் செலுத்துகிறார்கள். அம்மருந்து முதலில் அணைப்பது மூளையின் விழிப்பைத்தான். அதற்குச் சில நொடிகளே போதும். மூச்சு நிற்பதும், அதன்பின் இதயம் நிற்பதும் விழிப்பு முற்றிலும் நீங்கிய பிறகு நிகழ்பவை. கண்ணை மூடுவதற்கு இமைத்தசை வேலை செய்தாக வேண்டும். தசைகள் எல்லாம் தளர்ந்துவிடுகிற இறப்பில் நாயின் இமைகள் பெரும்பாலும் திறந்தபடியே நின்றுவிடுகின்றன. நீங்கள் கண்ட மூச்சும் அத்தகையதே. விழிப்பு அணைந்த பிறகும் உதரவிதானத்திலும் மார்புத் தசைகளிலும் சில வேளைகளில் ஓர் இழுப்பு வந்துபோகும். அதில் உணர்வும் இல்லை, வலியும் இல்லை. மணி அப்போது உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. இதை அங்கிருந்தவர்கள் முன்கூட்டியே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விடப்பட்ட இரண்டு வாக்கியங்கள் ஒருவருடைய மூன்று வார உறக்கத்தைப் பறித்திருப்பதை நினைக்கையில் எனக்கு மிகுந்த வருத்தமாக இருக்கிறது.

அந்தக் கண்கள் உங்களை இந்த அளவுக்கு வருத்துவதற்குக் காரணம் உண்டு. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வில், நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நெடுநேரம் நோக்கிக்கொண்டபோது ஆக்ஸிடோசின் என்னும் ஹார்மோன் இருவர் உடலிலும் உயர்ந்ததைக் கண்டார்கள். தாய்க்கும் கைக்குழந்தைக்கும் இடையே பிணைப்பை வளர்க்கும் அதே ஹார்மோன்தான் அது. மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் அந்த விளைவு காணப்படவில்லை. பதினான்கு ஆண்டுகளாக உங்கள் இருவருக்கும் நடுவே பேச்சு நடந்தது பெரும்பாலும் கண்களின் வழியாகவே. எனவே கடைசியாகவும் அவ்வழியில் ஏதோ ஒரு சொல் வந்திருக்கும் என்று மனம் தேடிக்கொண்டிருப்பது இயல்பு. அந்தச் சொல் ஒரு குற்றச்சாட்டாகத்தான் இருக்கும் என்று நீங்களாகவே முடிவு செய்துகொண்டதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பதற்றம் அவனுக்குத் தெரிந்திருக்கும். மனிதர் பதறும்போது வியர்வையிலும் மூச்சிலும் ஏற்படும் மாற்றத்தை நாய் மோப்பத்தால் வேறுபடுத்தி அறியும். உங்கள் கை தன் தலைமேல் இருந்ததும் தெரிந்திருக்கும். ஆனால் இன்று மாலை தான் இருக்கப்போவதில்லை என்ற அறிவு அந்த வீட்டில் உங்களிடம்தான் இருந்தது. மனிதர் ஒருவர் நோயுற்று இறக்கும்போது அந்த அறிவு பலரிடம் பகிர்ந்து கிடக்கிறது; சில வேளைகளில் நோயாளியே முந்திக்கொண்டு மற்றவர்களைத் தேற்றுவதும் உண்டு. முதிய நாயின் மரணத்திலோ, யாருக்கு அது நிகழப்போகிறதோ அவனிடம் கேட்க முடியாது, சொல்லிப் புரியவைக்க முடியாது, அவன் வாயால் ஒரு சம்மதத்தையும் பெற முடியாது. நாளைக் குறிப்பதும், கையெழுத்துப் போடுவதும், அதன்பின் ஒன்றும் நடவாததுபோல அவனுக்குத் தண்ணீர் வைப்பதும் ஒருவர் தலையிலேயே விழுகின்றன. நீங்கள் அந்தச் சுமையை அவனுக்குத் தெரியாமல் சுமந்தீர்கள். அதற்குத் துரோகம் என்று பெயர் வைத்துக்கொள்கிறீர்கள். எனக்கோ, அச்சத்தின் பங்கு முழுவதையும் நீங்களே எடுத்துக்கொண்டு அவனுக்கு அன்றைய காலையை மட்டும் விட்டுவைத்தீர்கள் என்றே படுகிறது. அவனால் அன்று வாலாட்ட முடிந்தது அதனால்தான்.

வாலாட்டியவனைச் சாக விடலாமா என்று கேட்டால், அதற்கும் பதில் இருக்கிறது. நாய்கள் வலியோடும் வாலாட்டும். அன்புக்குரியவர் அருகில் வரும்போது வாலை அசைக்கும் ஆற்றல் உடம்பில் ஏறக்குறைய கடைசிவரை எஞ்சியிருக்கும். வால் அசைவது நிற்கும்வரை காத்திருப்பது என்று வைத்துக்கொண்டால், நம்முடைய உறுதிப்பாட்டுக்காக அவனை அந்தத் துன்பத்தின் அடிவரை நடக்கவிட்டிருப்போம். அலிஸ் வில்லலோபோஸ் என்னும் அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர், நோயுற்ற செல்லப்பிராணியின் வாழ்க்கைத் தரத்தை எடைபோட ஓர் அளவுகோலை 2004ஆம் ஆண்டு வகுத்தார். வலி, பசி, உடலில் நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம் ஆகியவற்றோடு, கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் மிகுதியாக இருக்கின்றனவா என்பதும் சேர்த்து அதில் ஏழு கேள்விகள். உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் மணியின் கடைசி நாட்களில் அந்த ஏழில் மகிழ்ச்சி ஒன்று மட்டுமே எஞ்சியிருந்தது. அதுவும் நீங்கள் அருகில் இருந்த நேரங்களில் மட்டும். இன்னும் சில நாட்கள் காத்திருந்தால் அவை நல்ல நாட்களாக இருந்திருக்க வழியில்லை.

முன்பே கண்டுபிடித்திருக்க வேண்டும் என்னும் எண்ணத்திற்கு நீண்ட பதில் தேவையில்லை. நாயின் சிறுநீரகத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு செயல்திறன் குறையும்வரை வழக்கமான இரத்தப் பரிசோதனையில்கூட அது தெளிவாகத் தெரிவதில்லை. எஞ்சிய பகுதி மொத்த வேலையையும் இழுத்துச் செய்துகொண்டே இருக்கும். மிகுதியாகத் தண்ணீர் குடிப்பதும் மிகுதியாகச் சிறுநீர் கழிப்பதும் தொடங்கும்போது நோய் வெகுதூரம் வந்திருக்கும். மருத்துவருக்கே புலப்படாத ஒன்றைப் பார்க்கவில்லை என்று உங்களை நீங்களே தண்டிப்பது நியாயமாகாது.

ஆனால் இத்தனை விளக்கத்திற்குப் பிறகும் உங்கள் மனம் அடங்காது என்பதை அறிவேன். நான் சொல்ல விரும்புவதெல்லாம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. முதிய நாயுடன் வாழ்பவர் கடைசி ஓராண்டில் ஒரு காவலராகவே மாறிவிடுகிறார். மூச்சின் ஓசை மாறினால் உறக்கத்திலும் விழித்துக்கொள்வது, தட்டில் மீந்த உணவை அளந்து பார்ப்பது, வழுக்கும் தரையில் விரிப்புகளைப் பரப்பி வைப்பது, வெளியூர்ப் பயணங்களைத் தவிர்ப்பது, மருந்து வேளைகளைக் கடிகாரம் பார்க்காமலே அறிவது என்று உடலும் மனமும் ஓர் உயிரின் சிறு மாற்றங்களைக் கவனிப்பதற்கென்றே பழக்கப்பட்டுவிடுகின்றன. பிறகு ஒரு நாள் அந்த உயிர் இல்லாமல் போகிறது. பழக்கப்பட்ட கவனம் அன்றோடு நின்றுவிடுவதில்லை. நள்ளிரவில் விழிப்பு வருகிறது. நகம் தரையில் உரசும் ஓசை கேட்டதுபோல் இருக்கிறது. காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கிறோம். கவனிப்பதற்கு இப்போது எதுவும் இல்லாததால், அந்தக் கவனம் பின்னோக்கித் திரும்பி, நடந்து முடிந்த நாட்களுக்குள் புகுந்து, எங்கே தவறவிட்டோம் என்று ஒவ்வொரு மணிநேரமாகத் தேடத் தொடங்குகிறது. நீங்கள் குற்றவுணர்வு என்று எழுதியிருப்பதில் பெரும்பகுதி இதுதான் என்று நம்புகிறேன். முன்பே கண்டிருக்க வேண்டும், இன்னும் பொறுத்திருக்க வேண்டும் என்று ஒன்றுக்கொன்று முரணான இரண்டு குற்றங்களை ஒரே நேரத்தில் உங்கள்மீது சுமத்திக்கொள்ள முடிவதே அதற்குச் சான்று. உண்மையான தவறு ஒன்று இருந்திருந்தால் அது ஒரு திசையில்தான் இருந்திருக்கும்.

இது தணியக் காலம் ஆகும். அதுவரை நள்ளிரவு விழிப்பை எதிர்த்துப் போராட வேண்டாம். எழுந்து சற்று நடங்கள். அவன் படுத்திருந்த இடத்தைப் பாருங்கள். மிஞ்சிய மருந்துகளை வீட்டைவிட்டு அகற்றிவிடுங்கள், ஆனால் விரிப்பையும் கழுத்துப்பட்டையையும் எடுக்கச் சொல்லி யாராவது வற்புறுத்தினால் இணங்காதீர்கள். மாதங்கள் கடந்தும் உறக்கமின்மை நீடித்தாலோ, அன்றாட வேலைகளைச் செய்ய இயலாமல் போனாலோ, மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ தயங்காமல் பாருங்கள். ஒரு நாயின் மரணத்திற்காக வந்திருக்கிறேன் என்று சொல்வதில் குறைவு ஒன்றும் இல்லை.

"ஒரு நாய்க்காகவா?" என்று கேட்பவர்களிடம் நீங்கள் வாதிட வேண்டியதில்லை என்றாலும், உங்களுக்காக ஒன்றைச் சொல்கிறேன். ஜெர்மனியின் பான் நகரை அடுத்த ஓபர்காசல் என்னும் இடத்தில் 1914ஆம் ஆண்டு ஒரு பழங்காலப் புதைகுழி கண்டெடுக்கப்பட்டது. ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அதில் ஒரு நாயுடன் புதைக்கப்பட்டிருந்தார்கள். அந்த நாய் ஏழு மாதம்கூட நிரம்பாத குட்டி. அதன் பற்களை 2018இல் மீண்டும் ஆராய்ந்தவர்கள், நாய்களைக் கொல்லும் டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோயால் அது தாக்கப்பட்டிருந்தது என்றும், சாவதற்கு முன் பல வாரங்கள் மனிதர்கள் அதைச் சூடாக வைத்து, தூய்மைப்படுத்தி, நீரும் உணவும் ஊட்டியிருந்தாலன்றி அது அத்தனை நாள் பிழைத்திருக்க முடியாது என்றும் முடிவுக்கு வந்தார்கள். வேட்டைக்கும் காவலுக்கும் எவ்வகையிலும் பயன்படாத நோயாளிக் குட்டி அது. உழவும் எழுத்தும் தோன்றாத காலத்திலேயே யாரோ ஒருவர் அதற்காக இரவில் கண்விழித்திருக்கிறார். நீங்கள் செய்தது புதிதோ விபரீதமோ அன்று.

அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா, சுற்றியிருப்பவர்கள் துயரமென்றே ஏற்க மறுக்கும் துயரங்களைப் பற்றி 1989இல் ஒரு நூலைத் தொகுத்தார். வெளியே சொல்லி அழ இடமில்லாத இழப்பு ஆறுவதற்குக் கூடுதல் காலம் எடுக்கும் என்பது இத்துறையில் பணிபுரிபவர்கள் மீண்டும் மீண்டும் சொல்வது. உங்கள் அப்பாவின் மரணத்தோடு இதை ஒப்பிடும்போது இதை நினைவில் வையுங்கள். அவர் இறந்தபோது உறவினர் சூழ்ந்திருந்தார்கள், வந்தவர்களை வரவேற்கவும் செய்ய வேண்டியவற்றைச் செய்யவும் உங்களுக்குப் பொறுப்புகள் இருந்தன, அலுவலகம் விடுப்பளித்தது, அவரைப் பற்றிப் பேசும் ஒவ்வொருவரும் உங்கள் துயரத்தில் ஒரு சிறு பகுதியை வாங்கிக்கொண்டு போனார்கள். மணியைப் பற்றிப் பேச ஒருவரும் வரவில்லை. மேலும், அப்பாவுக்காக அன்று அழ நேரமில்லாமல் போன அழுகையும் இந்த அழுகையோடு சேர்ந்து வரக்கூடும். அப்படி வந்தால் வரட்டும். கண்ணீரின் அளவை வைத்து அன்பின் அளவைக் கணக்கிட்டு வெட்கப்பட வேண்டாம்.

புதிய குட்டியைப் பற்றி என் கருத்து தெளிவானது: இப்போது வேண்டாம். உங்கள் கணவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் மூன்று வாரத்தில் வரும் குட்டி மணியின் இடத்தை நிரப்பும் கடமையோடு வரும். அந்தக் கடமையை எந்தக் குட்டியாலும் நிறைவேற்ற முடியாது, நீங்களும் அந்தக் குட்டியை மன்னிக்க மாட்டீர்கள். ஒரு குட்டியைக் கண்டு, மணியோடு ஒப்பிடாமல் அதை அதுவாகவே பார்க்க முடிகிற காலம் வரும்போது யோசியுங்கள். அந்தக் காலம் வரவே இல்லையென்றாலும் தவறில்லை.

எனக்கு உண்மையில் அவசரமாகப் படுவது உங்கள் மகள். "தூங்கிவிட்டான்" என்று சொல்லப்பட்ட குழந்தைகள் அவன் எப்போது எழுவான் என்று காத்திருப்பார்கள். சில குழந்தைகளுக்குத் தாங்கள் உறங்கப்போவதே அச்சமாகிவிடும். எட்டு வயதுக் குழந்தைக்கு இறப்பு என்றால் திரும்பி வராமல் போவது என்பது புரியும். மணி இறந்துவிட்டான் என்று அதே சொல்லால் சொல்லுங்கள். அவன் உடம்பு மிகவும் பழுதடைந்துவிட்டது, மருத்துவரால் சரிசெய்ய முடியவில்லை, வலிக்காமல் இருக்க மருந்து கொடுத்தோம், அப்போது அம்மா அவனுடன் இருந்தேன் என்று வரிசையாகச் சொல்லுங்கள். சாதாரணக் காய்ச்சலுக்குப் போடும் ஊசி அத்தகையது அன்று என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அவள் கேள்விகள் கேட்பாள், அதே கேள்வியைப் பல நாள் கேட்பாள். ஒவ்வொரு முறையும் அதே பதிலைக் கொடுங்கள். அவள் முன்னால் அழ நேர்ந்தால் மறைக்காதீர்கள். இந்த வீட்டில் மணியைப் பற்றி உங்களோடு முழு மனதுடன் பேசக்கூடியவள் அவள்தான் என்று நினைக்கிறேன். அவளிடம் பேசிய பிறகு, முடிந்தால், எழுதுங்கள்.

அன்புடன்.