கையெழுத்துப் போடலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, திண்டுக்கல்லிலிருந்து மும்பைக்கு வந்து மரோலில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறீர்கள். துணை விமானியாகப் பறக்கத் தொடங்கிச் சில மாதங்கள்தான் ஆகின்றன. விமானிகள் சங்கத்தில் சேரச் சொல்லிச் சக விமானி ஒருவர் படிவம் கொடுத்திருக்கிறார். கையெழுத்துப் போட்டால் கேப்டன் கனவை மறந்துவிட வேண்டியதுதான் என்று ஒரு மூத்தவர் பயமுறுத்துகிறார். தாராவியில் இருக்கும் உங்கள் பெரியப்பாவோ, மும்பையின் துணி மில்களை இழுத்து மூடவைத்ததே சங்கம்தான் என்கிறார். வீட்டை அடமானம் வைத்துப் படிக்கவைத்த அப்பாவிடம் இதைப் பேசவும் உங்களுக்குத் தயக்கமாக இருக்கிறது. சேரலாமா, வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சேருங்கள். தெற்கிலிருந்து வந்து இந்த ஊரிலேயே கேப்டனாகி, குடும்பத்தோடு செம்பூரில் நிலைத்துவிட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பெரியப்பா சொல்வதை அலட்சியம் செய்யாதீர்கள். 1982 ஜனவரியில் தொழிற்சங்கத் தலைவர் டத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அந்தப் போராட்டம் முறையாக முடித்துக்கொள்ளப்படவே இல்லை. பரேல், லால்பாக் பக்கம் எத்தனையோ வீடுகளில் அடுப்பு அணைந்ததைக் கண்ணால் பார்த்த தலைமுறை அவருடையது. ஆனால் அந்த மில்கள் ஏற்கெனவே நலிந்துகொண்டிருந்தன; விசைத்தறி வந்துவிட்டது; மில் நின்ற நிலத்துக்கு மில்லைவிட மதிப்பு கூடியிருந்தது. விமானியின் நிலை வேறு. உரிமமும் அந்தந்த விமான வகைக்கான பயிற்சியும் இல்லாத ஒருவரை உங்கள் இருக்கையில் உட்காரவைக்க எந்த நிறுவனத்தாலும் முடியாது.

அந்த மூத்தவரின் பயத்துக்கும் காரணம் உண்டு. 2012இல் ஏர் இந்தியாவில், பழைய ஏர் இந்தியா விமானிகளின் சங்கமான இந்தியன் பைலட்ஸ் கில்டு நடத்திய வேலைநிறுத்தம் 58 நாள் நீடித்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். எதற்காக நடந்தது தெரியுமா? பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளுக்கும் டிரீம்லைனர் என்ற புதிய ரக விமானத்தில் பயிற்சி கொடுப்பதை எதிர்த்து. 2007இல் இரண்டு நிறுவனங்களையும் இணைத்தார்கள். விமானிகளோ இரண்டு சங்கங்களாகவே நின்று ஒருவர் சோற்றில் ஒருவர் மண்ணைப் போடப் பார்த்தார்கள். எனக்கு அது இன்றும் வருத்தம் தரும் கதை. ஓய்வுக்காகவும் பாதுகாப்புக்காகவும் போராடியிருந்தால் பயணிகள் பக்கத்தில் நின்றிருப்பார்கள். சக விமானியின் பயிற்சியைத் தடுப்பதற்காக நடந்த போராட்டத்துக்கு யார் வந்து நிற்பார்கள்?

ஜெட் ஏர்வேஸ் கதையில் இரண்டு பக்கமும் இருக்கிறது. 2009இல் சங்கம் தொடங்கியவர்களில் இருவரை நிறுவனம் நீக்கியது. விமானிகள் கூட்டமாக மருத்துவ விடுப்பில் போனார்கள். சில நாளில் நீக்கப்பட்டவர்கள் திரும்ப எடுக்கப்பட்டார்கள். அதே நிறுவனம் 2019 ஏப்ரலில் நின்றுபோனபோது விமானிகளுக்குப் பல மாதச் சம்பளம் பாக்கி. சங்கம் இருந்தும் அந்தப் பணத்தைக் கொண்டுவர முடியவில்லை. கஜானா காலியான நிறுவனத்திடமிருந்து சம்பளம் வாங்கித் தரும் சக்தி எந்தச் சங்கத்துக்கும் கிடையாது. இதைத் தெரிந்துகொண்டுதான் சேர வேண்டும்.

சங்கம் இல்லாவிட்டால் அமைதி நிலவும் என்று யாராவது சொன்னால் 2024 ஏப்ரலை நினைவூட்டுங்கள். ஏர் இந்தியாவுடன் இணையும் முன் விஸ்தாரா விமான நிறுவனத்தில் புதிய சம்பள ஒப்பந்தம் வந்தது. மாதம் 70 மணி நேரப் பறப்புக்கு உறுதியாக இருந்த சம்பளம் 40 மணி நேரத்துக்கு என்று சுருங்கியது. விமானிகள் பலர் உடல்நலம் சரியில்லை என்று சொல்லிவிட, விமானங்கள் வரிசையாக ரத்தாயின. எல்லோர் சார்பிலும் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து பேசும் அங்கீகாரம் பெற்ற சங்கம் இருந்திருந்தால், பயணிகளை விமான நிலையத்தில் தவிக்கவிடாமலே அதைத் தீர்த்திருக்கலாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் நான் சேரச் சொல்வதற்கு முதல் காரணம் சம்பளம் அல்ல.

என்னோடு பறந்த நாகர்கோவில் பையன் ஒருவன், உங்களைப் போலவே ஊருக்குப் புதியவன். மழைக்காலத்தில் ஒருநாள் மும்பையில் இறங்க முடியாமல் அகமதாபாத்துக்குத் திருப்பிவிடப்பட்டு, மணிக்கணக்கில் காத்திருந்து, இரவு வெகு நேரம் கழித்து இங்கே வந்து சேர்ந்தான். இன்னொரு விமானத்தை எடுத்துக்கொண்டு டெல்லி போகச் சொன்னார்கள். களைப்பாக இருக்கிறது, பறக்கும் நிலையில் இல்லை என்று மறுத்தான். விதிப்படி அவன் செய்ததுதான் சரி. அடுத்த நாளே அந்தேரி அலுவலகத்துக்கு அழைப்பு வந்தது. நான் வெளியே நாற்காலியில் காத்திருந்தேன். கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே தெரிந்தது. மேஜையின் அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் அவன் மட்டும். மேஜை மேல், இடையில் வேலையை விட்டால் பணம் கட்டுவேன் என்று அவன் கையெழுத்துப் போட்ட பாண்ட் பத்திரத்தின் நகல் விரித்து வைக்கப்பட்டிருந்தது. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையாம். விளக்கக் கடிதத்தை அவர்கள் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். வெளியே வந்தபோது பேனாவை மூடக்கூட மறந்திருந்தான். 'நாளைக்கு எழுதித் தருகிறோம் சார்' என்று பக்கத்திலிருந்து ஒருவர் சொல்லியிருந்தால் போதும், அந்தக் கடிதம் அவனுடைய சொந்த வார்த்தைகளில் இருந்திருக்கும். அதன் பிறகு களைப்பு என்ற சொல்லை அவன் எந்தப் படிவத்திலும் எழுதவில்லை. அவன் பின்னால் உட்கார்ந்திருக்கும் பயணிகளுக்கு இதைவிட ஆபத்து என்ன இருக்கிறது?

ஊரில் என்றால் மாமாவோ சித்தப்பாவோ கூட வந்து நிற்பார். இங்கே நமக்கு அப்படி யாரும் இல்லை. மேஜையின் இந்தப் பக்கம் உங்களோடு உட்கார ஓர் ஆள் வேண்டும் என்பதற்காகத்தான் சேரச் சொல்கிறேன்.

ஓய்வு நேர விவகாரத்தையும் பாருங்கள். 2024 ஜனவரியில் வந்த, மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் விதிகள் வாராந்தர ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக்கின. இரவுத் தரையிறக்கங்களை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்தன. அந்த ஜூனிலேயே நடைமுறைக்கு வரவேண்டியவை நிறுவனங்களின் எதிர்ப்பால் தள்ளிப்போயின. விமானிகளின் அமைப்புகள் டெல்லி உயர் நீதிமன்றத்தில் விடாமல் வழக்காடிய பிறகே 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரண்டு கட்டமாக வந்தன. டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்ததும், இரவுப் பணி விதிகளில் அதற்குத் தற்காலிக விலக்கு கொடுத்தார்கள். அதை எதிர்த்து எழுதியதும் விமானிகளின் அமைப்புதான். நீங்களோ நானோ தனியாக எழுதியிருந்தால் யார் படித்திருப்பார்கள்?

லட்சக்கணக்கில் சம்பளம் வாங்குபவன் தொழிலாளியா என்றும் கேட்டிருந்தீர்கள். விமானிகள் பழைய தொழில் தகராறு சட்டத்தின்படி தொழிலாளர்களே என்று டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. முப்பது ஆண்டுக்கு மேல் சங்கங்களை ஏற்க மறுத்துவந்த ஐரோப்பாவின் ரயன்ஏர்கூட, ரோஸ்டர் என்ற பணிநேரப் பட்டியலில் நேர்ந்த குளறுபடியால் விமானங்களை ரத்து செய்து தவித்த 2017இன் இறுதியில், விமானிகள் சங்கங்களை அங்கீகரிக்க ஒப்புக்கொண்டது.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். எல்லோரும் நாளை உடல்நலமில்லை என்று சொல்லிவிடுவோம் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால் பதில் போடாதீர்கள், கலந்துகொள்ளவும் வேண்டாம். நோய் என்று பொய் சொல்லும் விமானியை நாளைக்கு உண்மையாகவே களைத்திருக்கும்போது யாரும் நம்ப மாட்டார்கள். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி, பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தாலே அது வேலைநிறுத்தம். 14 நாள் முன்னறிவிப்பு இல்லாத வேலைநிறுத்தம் சட்டவிரோதம். அதே சட்டம், பல சங்கங்கள் இருக்கும் இடத்தில் 51 சதவீத ஊழியர்கள் உறுப்பினராக உள்ள சங்கத்துக்கு மட்டுமே தனித்துப் பேசும் உரிமையைக் கொடுக்கிறது. ஆகவே உங்கள் ஒரு கையெழுத்தும் கணக்கில் வரும்.

போடுவதற்கு முன் சங்கத்தின் விதிமுறைப் புத்தகத்தையும் தணிக்கை செய்த கணக்கையும் கேட்டு வாங்குங்கள். கடைசியாக எப்போது தேர்தல் நடந்தது, விசாரணைக்குக் கூப்பிட்டால் கூட யார் வருவார்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் காத்திருங்கள். பாண்ட் பத்திரத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். அப்பாவிடமும் சொல்லிவிடுங்கள், வேறு யார் வாயிலாகவோ கேள்விப்பட்டால்தான் அவர் பயப்படுவார். படிவத்தில் உங்கள் சொந்த மின்னஞ்சல் முகவரியை எழுதுங்கள், நிறுவனம் கொடுத்ததை வேண்டாம்.