அடைப்புக்குறிக்குள் ஒரு அம்மா

கேள்வி (சுருக்கப்பட்டது): நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பள்ளிக்கூடத்திலிருந்தே நெருங்கிய தோழி ஒருத்தி உண்டு. பிலிப் புல்மனின் 'ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்' நாவலின் மூன்று பாகங்களையும் இருவரும் போட்டி போட்டுப் படித்தோம். கடைசிப் பாகமான 'தி ஆம்பர் ஸ்பைகிளாஸ்' எனக்குப் பெரிய ஏமாற்றம். வேறு வேறு உலகங்களில் பிறந்து காதலித்த லைராவையும் வில்லையும் பிரித்தது சுத்த மோசடி. தான் பிறக்காத உலகத்தில் பத்து வருஷம்தான் உயிர் தங்கும் என்றால் என்ன, அந்தப் பத்து வருஷம் அவளோடு இருந்திருக்கலாமே? அவன் அம்மாவை யாராவது பார்த்துக்கொள்ள மாட்டார்களா? "வில் ஒரு முட்டாள்" என்றேன். அவள் (அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால் சென்னையில் கிடைத்த சீட்டை விட்டுவிட்டு உள்ளூரிலேயே சேர்ந்தவள்) "முடிவு சரிதான்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். இரண்டு மாதமாகப் பேச்சில்லை. ஒரு புத்தகத்துக்காக நட்பை முறிப்பார்களா? அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?
– பெயர் வேண்டாம், திருநெல்வேலி

பதில்:

உனக்கு என் பேத்தி வயது. நீ என்றே எழுதுகிறேன்.

சினிமாவால் சண்டை, கிரிக்கெட்டால் சண்டை, புத்தகத்தால் சண்டை என்று வருஷத்துக்குப் பத்துக் கடிதமாவது எனக்கு வரும். புத்தகத்தை மட்டும் பற்றிய சண்டை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. நீ எழுதியது மூன்று பக்கம். அதில் தோழியின் அம்மாவுக்கு ஒரே ஒரு வரி, அதுவும் அடைப்புக்குறிக்குள். என்ன உடம்பு என்றுகூட எழுதவில்லை. உனக்குத் தெரியுமா? கேட்டாயா?

சரி, நீ முட்டாள் என்று சொன்ன பையன் யார் என்று பார்ப்போம். கடையில் யாரும் பார்க்காத நேரம் பார்த்துச் சாமானைக் கூடையில் போடுவது அம்மா சொல்லித்தந்த விளையாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தவன் அவன். அது விளையாட்டில்லை, அம்மா மனதுக்குள் இருக்கும் பயம் என்று ஏழு வயதில் அவனுக்குப் புரிகிறது. அன்றிலிருந்து அவன்தான் வீட்டுக்கு ஆள். வெளியே தெரிந்தால் தன்னையும் அம்மாவையும் பிரித்துவிடுவார்களே என்று யார் கண்ணிலும் படாமல் இருக்கப் பழகுகிறான். இரண்டாம் பாகம் தொடங்கும்போது பழைய பியானோ டீச்சரிடம் கெஞ்சி, சில நாளைக்கு மட்டும் என்று அம்மாவை விட்டுப் போகிறானே, அந்த இடத்தை இன்னொரு தடவை படி. உலகத்துக்கும் உலகத்துக்கும் நடுவே ஜன்னல் திறக்கிற கத்தி ஒன்று அவன் கையில் இருக்கிறது. எதையும் வெட்டும் அந்தக் கத்தி முதல்முறை எதனால் உடைந்தது? அம்மா நினைப்பு குறுக்கே வந்ததால். நீ சொல்லும் அதே கடைசிப் பாகத்தில்தான் வருகிறது. எப்படித் தாண்டிப் போனாய்?

அப்புறம் அந்தப் பத்து வருஷம். வில்லின் அப்பாவே அயல் உலகத்தில் அகப்பட்டு உடல் தேய்ந்துபோனவர். புருஷன் போய்த் திரும்பி வராத வீட்டிலிருந்து மகனும் போய்விட வேண்டும் என்கிறாய். லைரா அவன் உலகத்துக்கு வந்துவிட்டால்? அதற்கு வில் சம்மதிக்கவில்லை. அவள் தன் கண் முன்னால் நோயில் கரைவதைப் பார்க்க அவனால் முடியாது.

அந்தப் புத்தகத்தில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2000-இல் வந்தபோதே அதைப் பற்றிப் பல அபிப்பிராயம் இருந்தது. சக்கரத்தில் ஓடும் பிராணிகள் வரும் அத்தியாயங்கள் நகரவே மாட்டேன் என்கின்றன என்பவர்கள் உண்டு. கடவுளையே சாகடித்துவிட்டார் என்று கோபப்பட்டவர்களும் உண்டு. பிரிட்டனின் விட்பிரெட் இலக்கியப் பரிசில் ஆண்டின் சிறந்த நூலாகத் தேர்வான முதல் சிறுவர் நூல் அதுதான். பரிசு கிடைத்ததால் முடிவு சரியாகிவிடாது. எனக்கும் ஒரு மனத்தாங்கல் இருக்கிறது. லைராவை எப்போதாவது மட்டும் எட்டிப் பார்த்த அப்பா, தன் மகள் என்றே அவளிடம் சொல்லிக்கொள்ளாத அம்மா, இரண்டு பேரும் கடைசியில் அவளுக்காகப் பாதாளத்தில் விழுந்துவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடுமா? வருஷத்துக்கு ஒரு நாள், ஜூன் மாத நடுக்கோடை நாளில், ஆக்ஸ்போர்டு தாவரவியல் தோட்டத்துப் பெஞ்சில் அவரவர் உலகத்தில் ஒரு மணி நேரம் உட்காருவது என்று லைராவும் வில்லும் பேசிக்கொள்ளும் இடத்தில் நானும் அழுதேன். நிஜப் பெஞ்சு ஒன்று அங்கே இருக்கிறது. வாசகர்கள் அதில் இருவர் பெயரையும் கீறி வைத்திருக்கிறார்கள். அழு, தப்பில்லை.

"யாராவது பார்த்துக்கொள்ள மாட்டார்களா" என்று எழுதினாயே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை. உன் தோழி வீட்டில் அந்த 'யாராவது' அவள்தான். பெற்றவளுக்கு முடியாதபோது பக்கத்தில் இருப்பது பிள்ளையின் வேலை, அதில் எனக்கு இரண்டாம் பேச்சு கிடையாது. பழைய காலத்துக் கிழவி என்று சொல்லிக்கொள், பரவாயில்லை. ஆனால் அந்த வேலைக்கு என்ன விலை என்று அறியாதவள் இல்லை நான். சென்னை சீட்டு அவளுக்குச் சும்மா கிடைத்திருக்காது. அதை விட்டபோது அவள் வீட்டுக்கு வந்துபோன சொந்தக்காரர்கள் எத்தனை பேர் "அசட்டுப் பெண்ணே" என்று சொல்லியிருப்பார்களோ. அதே சொல்லை நீயும் சொன்னாய், வில் பெயரில்.

முடிவு சரி என்று அவள் சொன்னது இலக்கிய விமர்சனம் என்றா நினைத்தாய்? தினமும் காலையில் எழுந்து அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது அவளுக்கு. இன்னும் என்ன புரியவைக்கப் போகிறாய்?

வில் தன் உலகத்துக்குத் தனியாகத் திரும்பவில்லை. அவன் உலகத்து விஞ்ஞானி மேரி மலோன் கூட வருகிறாள், அம்மா விஷயத்தில் துணைக்கு நிற்பதாகச் சொல்கிறாள். உன் தோழிக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? இரண்டு மாதமாக நீ இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போ. புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதே, அந்தப் பேச்சையே எடுக்காதே. மன்னிப்பு வாசலிலேயே ஒரு வாக்கியத்தில் முடியட்டும். மத்தியானம் முழுக்க அவள் அம்மாவோடு நீ இரு, அவள் வெளியே போய் வரட்டும். நூலகமோ கோயிலோ, சும்மா பஸ் ஏறி ஒரு சுற்றோ, அது அவள் பாடு. எந்த மாத்திரை எப்போது என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள். போவதற்கு முன்னால் போன் செய். எடுக்கவில்லை என்றால் மறுபடி செய். எடுத்ததும் அம்மா என்ன சாப்பிடலாம், என்ன கூடாது என்று கேள்.