சொல்லாதது மோசடியா?

கேள்வி: நண்பர் மகனுக்குப் பெண் பார்த்து நிச்சயம் செய்தோம். பெண்ணுக்கு 23 வயது. கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, தனக்குப் பிறவியிலேயே எச்.ஐ.வி. இருப்பதாகப் பையனிடம் தனியாகச் சொல்லியிருக்கிறாள். பெண் பார்க்கப் போன அன்றே சொல்லாமல் மறைத்தது மோசடி இல்லையா? முதலிலேயே சொல்லியாக வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தால் என்ன?
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: பையனிடம் தனியாகச் சொன்னாள் என்று நீங்களே எழுதுகிறீர்கள். அப்படியானால் உங்களுக்கு எப்படித் தெரிந்தது? பையன் அப்பாவிடம், அப்பா உங்களிடம், நீங்கள் எங்களிடம். உங்கள் கடிதத்தில் பெண்ணின் பெயர், ஊர், வேலை பார்க்கும் கம்பெனி வரை எல்லாம் இருந்தது. எடுத்துவிட்டுத்தான் அச்சிட்டிருக்கிறோம். பஜ்ஜி சொஜ்ஜி தட்டோடு இதையும் அன்றைக்கே கொண்டுவந்து வைத்திருந்தால், இந்நேரம் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சட்டம் கேட்கிறீர்கள். ஏற்கெனவே இருக்கிறது, நீங்கள் கேட்பதற்கு நேர் எதிராக இருக்கிறது. 2017-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரையும் தன் எச்.ஐ.வி. நிலையைச் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது. ஒருவர் நம்பிச் சொன்னதை அவர் சம்மதம் இல்லாமல் வேறொருவரிடம் சொல்வதற்கும் தடை உண்டு. மோசடியைப் பற்றிப் பேசும்போது இதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

துணைக்குத் தொற்றாமல் பார்த்துக்கொள்ளும் கடமையையும் அதே சட்டம் வைக்கிறது. முன்கூட்டியே சொல்லிவிடுவது அதற்கு ஒரு வழி. ஆனால் சொன்னால் அடி விழும், வீட்டை விட்டுத் துரத்துவார்கள் என்று அஞ்ச நியாயமான காரணம் உள்ள பெண்ணுக்கு விலக்கு உண்டு. அந்த நிலையில் டாக்டரோ ஆலோசகரோகூட அவள் துணையிடம் போய்ச் சொல்லக் கூடாது.

பெண்ணுக்கு மட்டும் ஏன் என்று அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள். கர்ப்பமான பெண்ணுக்கு ஆரம்ப செக்கப்பிலேயே எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்கிறார்கள். கணவனுக்கு அப்படி ஒரு கட்டம் தானாக வருவதில்லை. அதனால் பல வீடுகளில் விஷயம் முதலில் மனைவிக்குத்தான் தெரிகிறது. அவனிடமிருந்தே வந்திருந்தாலும் ரிப்போர்ட் கையில் இருப்பவள் மேல்தான் பழி விழுகிறது. கணவன் செத்த பிறகு குழந்தையோடு வெளியே தள்ளப்பட்டவர்கள் தமிழ்நாட்டிலேயே எத்தனையோ பேர். திருமணத்தின் மூலம் தொற்றுக்கு ஆளான நாமக்கல் கௌசல்யா பெரியசாமி, அதை வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு, 1998-இல் சென்னையில் எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களுக்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்க வேண்டியிருந்தது.

நீங்கள் எழுதும் பெண் அடுத்த தலைமுறை. அரசு இலவசக் கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கியது 2004-இல். அதற்கு முன் தொற்றோடு பிறந்த குழந்தைகளில் பலர் பள்ளிக்கூட வாசலையே பார்க்கவில்லை. இவள் 23 வயதில் வேலைக்குப் போகிறாள் என்றால், வருடக்கணக்காக மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கிறாள் என்று அர்த்தம். அப்படிச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 200 வைரஸ் நகல்களுக்குக் கீழே நிலையாக நின்றுவிட்டால், உடலுறவு வழியாகத் துணைக்குப் பரவாது. ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத ஜோடிகளை ஐரோப்பாவில் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. ஆணுறை இல்லாமலே உறவு வைத்திருந்த அந்த ஜோடிகளில், சிகிச்சையில் இருந்தவரிடமிருந்து துணைக்குத் தொற்றியதாக ஒரு கேஸ்கூட இல்லை. குழந்தை விஷயமும் அப்படித்தான். சிகிச்சை இல்லாவிட்டால் தாயிடமிருந்து தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். சரியான சிகிச்சையில் 5 சதவீதத்துக்கும் கீழே.

சரி, பரவாது என்றால் சொல்லாமலே இருந்துவிடலாமா? கல்யாணத்துக்கு முன் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆயுசு முழுக்க தினமும் போட வேண்டிய மாத்திரையை ஒரே வீட்டில் ஒளித்துச் சாப்பிட முடியாது. டப்பாவை மாற்றி வைத்து, லேபிளைக் கிழித்து, மாமியார் பார்க்கிறார் என்று இன்றைக்கு விட்டு, நாளைக்கும் விட்டால் வைரஸ் திரும்ப ஏறிவிடும். ஆனால் எப்போது, எங்கே சொல்வது என்பது அவள் முடிவு. இதே நிலையில் இதைப் படிக்கும் பெண்களுக்கு ஒன்று: வாட்ஸ்அப்பில் மட்டும் எழுதிவிடாதீர்கள், ஸ்கிரீன்ஷாட் ஊர் சுற்றும். இந்த நோயைப் பற்றி அவன் பொதுவாக என்ன பேசுகிறான் என்று முதலில் கவனியுங்கள். எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும், அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில், ஆலோசகரை வைத்துக்கொண்டு சொல்லலாம். எய்ட்ஸ் உதவி எண்ணான 1097-க்கு இலவசமாகப் போன் செய்தும் யோசனை கேட்கலாம். கையை ஓங்கக் கூடியவன் என்று தோன்றினால், சொல்வது அப்புறம். முதலில் இந்தக் கல்யாணம் வேண்டுமா என்று யோசியுங்கள்.

அப்புறம், பையன் என்ன சொல்கிறான் என்று நீங்கள் எழுதவே இல்லை. கட்டிக்கொள்வதும் மறுப்பதும் அவன் உரிமை. முடிவெடுக்கும் முன் இருவரும் இந்தக் கூட்டு மருந்தைத் தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போய், அவளுடைய வைரஸ் அளவு ரிப்போர்ட்டை வைத்து டாக்டரிடம் பேசட்டும். நீங்களும் நண்பரும் கூடப் போக வேண்டாம். மறுப்பதென்று முடிவானால், ஊருக்கு ஏதாவது ஒரு ஜாதகக் காரணம் சொல்லிக்கொள்ளுங்கள். நம் ஊரில் அதற்கா பஞ்சம்?